பகலுணவு ஒழிப்புப் படலம்

ஐப்பசி மாதம் கண்டிக்குள் நுழையும் விதம் தனி. முற்பகல் முழுவதும் வெயில் ஒரு குற்றமும் அறியாத முகத்தோடு குளத்து நீரின்மேல் சாய்ந்து கிடக்கும். உச்சி சாய்ந்ததும் ஹந்தானை மலையின் தோளில் கருமை ஏறும். அது அவசரமின்றி இறங்கி வந்து, எதிர்க்குன்றின்மேல் அமர்ந்திருக்கும் வெண்ணிறப் புத்தரை முழங்காலிலிருந்து முடிவரை மூடி, நகரத்தின் ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கும். கடைகளில் பகலிலேயே விளக்கேறும். குளக்கரை மரங்களில் தலைகீழாய்த் தொங்கும் வௌவால்களும் சிறகை இறுக்கிக்கொள்ளும். பிறகு மழை. மலையடியிலுள்ள மஹய்யாக் குடியிருப்பின் தகரக் கூரைகளில் அது விழத் தொடங்கியதும் வீட்டிலிருப்போர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மழையைக் கேட்பதற்காக அன்று. மழைக்கு அப்பால், வீட்டின் முதுகோடு ஒட்டி நிற்கும் மலை ஏதேனும் சொல்கிறதா என்று கேட்பதற்காக.

ராஜலிங்கம் அப்படிக் கேட்டுக் கேட்டு நரைத்தவர். அவர் இளைஞராயிருந்த ஓர் ஐப்பசியில் மலை சரிந்து அவருடைய அடுக்களையை எடுத்துக்கொண்டது. மனைவி ஞானேஸ்வரியும் கைக்குழந்தையும் அவரும் ஒண்டியிருந்த அறையின் சுவரைத் தொட்டதும், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் நின்றுவிட்டது. மறுநாள் கந்தசஷ்டி தொடங்கிற்று. அவ்வாண்டு முதல் முருகனுக்குரிய அந்த ஆறு நாளும் அவர் விரதம் காத்து வந்தார். இரவில் ஒரு கோப்பைப் பால். கடைசி நாளில் அதுவும் இல்லை. தாம் விரதத்தை விட்டால், மலை தான் விட்ட இடத்திலிருந்து மீண்டும் நடக்கும் என்னும் அச்சம் அவர் நெஞ்சின் அடியில் கிடந்தது.

இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. நோற்பவர் தம் நோன்பைப் பறைசாற்றக் கூடாது. பசிக்கிறதா என்று கேட்டால் பசிக்கிறது என்று சொல்லவும் கூடாது. அவர் அறிந்த ஒழுக்கம் அது. மஹய்யாவில் அந்த ஆறு நாளும் யாரும் யாரையும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதில்லை. நாடாளக்கூடிய பெரியோர் பலரின் அறிவையும் உழைப்பையும் விழுங்கிய பின்வரும் நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் இந்தச் சிறிய அடக்கமே வித்தாயிற்று.

ராஜலிங்கம் காப்பாளராய் இருந்த பொதுப்பணிக் களஞ்சியம் கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு குன்றின் அடியில் இருந்தது. குழாய்கள், சீமெந்து மூட்டைகள், துருவேறிய வால்வுகள், அவற்றை ஏற்றி இறக்கும் மனிதர்கள். அவர்களுள் பெரும்பாலோர் மஹய்யாவினர், ஒரே கோயிலின் அடியார்கள். அந்தக் களஞ்சியத்துக்குச் சென்ற ஆண்டு ஐப்பசியில் குண்டசாலையிலிருந்து ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. நலவாழ்வு, பணியிட நடத்தை மற்றும் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவகம் என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது. எழுத்து நீண்டதால் கடைசிச் சொல் கதவைத் திறந்தால்தான் தெரிந்தது.

அந்நிறுவகம் எளியதன்று. அலுவலகங்களில் பெருமூச்சு விடுவோர் விடாதோரைக் காட்டிலும் கூடுதலான காற்றைச் செலவிடுகின்றனர் என்று அதற்கு முன்னரே நிறுவியிருந்தது. சாய்ந்தமர்தல் பற்றிய அதன் ஆய்வு வெளியானபின் சில திணைக்களங்களில் கதிரைகளின் முதுகுகள் அறுத்தெடுக்கப்பட்டன. இப்போது அது ஊழியர்களின் நண்பகல் நடத்தையை ஆராயப் புறப்பட்டிருந்தது. சுவர்தோறும் கமராக்கள் பொருத்தப்பட்டன. மணிக்கட்டுகளில் பட்டைகள் ஏறின. கள ஆய்வாளராக அக்குறணையைச் சேர்ந்த பஹ்மி என்னும் மெலிந்த மனிதர் வந்தார். அவர் வந்து அமர்ந்த நாள் சஷ்டியின் முதல் நாள்.

பஹ்மி கண்டது வியப்புக்குரியது. ஊழியர்கள் விடியலிலேயே குளித்து நீறணிந்து வந்தார்கள். குரலை உயர்த்தவில்லை. நண்பகல் ஆனதும் சோற்றுப் பார்சலை எவரும் பிரிக்கவில்லை. ஆளுக்கொரு மூட்டையின்மேல் கண்மூடி அமர்ந்தார்கள்.

“அண்ணன், பசிக்கலயா?” என்று ராஜலிங்கத்திடம் கேட்டார் பஹ்மி.

“இல்லீங்க தம்பி. மனசு நெறஞ்சிருக்கு.”

அடுத்ததாகக் கணேஸ். குழாய் ஏற்றும் கணேஸுக்கு விரதத்தில் நாட்டமில்லை. ஆயினும் அவன் மனைவி கோயில் தொண்டில் முன்னிற்பவள். அவன் உண்டால் செய்தி அவனுக்கு முன்னே வீடு போய்ச் சேரும். ஆகவே ஆறு நாளும் அவன் பெரிய சீமெந்துக் குழாய் ஒன்றினுள் தவழ்ந்து சென்று, தேங்காய் ரொட்டியும் மிளகாய்க் கட்டச் சம்பலும் தின்றுவிட்டு மறுமுனையால் வெளியே வந்தான். கடவுளுக்குத் தெரிந்திருக்கலாம், கமராவுக்குத் தெரியவில்லை.

“பசியா?” என்றான், மீசையில் தேங்காய்ப்பூ வெண்மையாய் ஒட்டியிருக்க. “அப்புடின்னா என்னாங்க?”

அந்தப் பதிலும் பதியப்பட்டது.

முடிவுகளை வெளியிடும் மாநாடு மார்கழியில், குளத்தை நோக்கிய ஒரு விடுதியின் மண்டபத்தில் நடந்தது. ராஜலிங்கத்துக்கு மாலை போட்டு முன்வரிசையில் இருத்தினார்கள். நிறுவகத்தின் பணிப்பாளர் கலாநிதி சஞ்சீவனி மேடையேறினார். மெலிந்த குரல், எதிரிலிருப்பவர் நலத்தில் உண்மையான அக்கறை ததும்பும் கண்கள். அந்தக் கண்கள் தம்மேல் பட்டதும் ராஜலிங்கம் மாலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“மதிப்புக்குரிய கொள்கை வகுப்பாளர்களே, பசி என்பது ஒரு தேவை என்று நாம் நெடுங்காலம் மயங்கியிருந்தோம். அது ஒரு நடத்தை. நடத்தையை மாற்றலாம். எமது ஆய்வுக்குட்பட்ட ஊழியர்கள் பகலுணவைத் தாமாகவே கைவிட்டனர். கைவிட்ட நாள்களில் சண்டை குறைந்தது, பேச்சு குறைந்தது, சிரிப்பு ஏறக்குறைய முற்றாக மறைந்தது. ஓர் ஆரோக்கியமான பணியிடத்துக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? அவர்கள் நெற்றியில் திருநீறு இருந்ததே என்று ஒருவர் வினவினார். திருநீறு எனக்குத் தெரியும். ஆனால் ஆய்வாளர் என்ற முறையில் எனக்கு அது தெரியாது. புறவயத்தன்மை என்று நாம் சொல்வது அதைத்தான். ஆகவே, இந்நாட்டின் நோய்க்கும் சோம்பலுக்கும் ஊற்றாய் இருப்பது மதியச் சோறு என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இவ்வளவு நேரம் பொறுமை காத்தமைக்கு நன்றி. பகலுணவு கீழ்த்தளத்தில் ஆயத்தமாக உள்ளது. ஆட்டிறைச்சி குறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியவாறே படியிறங்கிற்று. ராஜலிங்கம் கழுத்து மாலையோடு தனியே நின்றார். அது விரதம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் மாலையிட்டவர் நடுவே நின்று, நான் நோன்பிருந்தேன் என்று சொல்வது எவ்வளவு பெரிய அகந்தை. அவர் மாலையைக் கழற்றிக் கதிரைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்.

தை பிறந்தது, பகலுணவு ஒழிப்பு முன்னோடித் திட்டமும் உடன் பிறந்தது.

களஞ்சியத்தின் சாப்பாட்டு அறையிலிருந்த மேசைகள் அகற்றப்பட்டன. நிறைவறை என்ற பலகை தொங்கிற்று. அதனுள்ளே வெறும் தட்டு ஒன்றின் பெரிய வர்ணப்படத்தை மாட்டினார்கள். ஊழியர்கள் அதன் எதிரே அமர்ந்து அதை நோக்க வேண்டும். வாசற் காவலாளி சோற்றுப் பார்சல்களை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில், புளித்த மணத்தோடு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். தொழிற்சங்கத்தார் தட்டிக்கேட்க வந்தார்கள். அவர்களுடைய கோபத்தின் நடத்தைக் கூறுகள் மிகச் சுவையானவை என்று சொல்லி நிறுவகம் அவர்களையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டது. அதன்பின் அவர்கள் வரவில்லை.

பிறகு விழுங்கல்மானி வந்தது. தொண்டைக்குழியோடு ஒட்டிக் கட்டும் கறுப்புப் பட்டை அது. கழுத்திலிருப்பவர் எதையேனும் விழுங்கினால் மணியடிக்கும். ராஜலிங்கத்தின் உருத்திராக்கத்தை விலக்கி, அதற்கு மேலே பஹ்மி அதைப் பூட்டினார்.

“ஏன் தம்பி, எச்சி முழுங்கினாலும் அடிக்குமா?” என்றான் கணேஸ்.

“கூட முழுங்கினா அடிக்கும் அண்ணன்.”

“அப்ப பெரிய மாத்தயா வந்து நிக்கும்போது மொத்த ஸ்டோரும் அடிக்குமே.”

மேலதிகாரியைப் பற்றிய அந்தப் பகடிக்கு எவரும் சிரிக்கவில்லை. சிரிப்பும் தொண்டையை அசைக்கும் என்பதை அதற்குள் அறிந்திருந்தார்கள்.

ராஜலிங்கத்துக்குப் பணிக்கிடையே பதிகம் முணுமுணுக்கும் வழக்கம் உண்டு. பண்ணின் அசைவுகளை மானி கவளங்களாய் எண்ணிற்று. ஒரு பதிகம் பாடி முடித்தபோது அவர் மானியின் கணக்கில் ஒரு கல்யாண விருந்தே உண்டிருந்தார். பணியிடத்தில் பண்ணோடு பாடுதல் உணவை ஒத்த நடத்தை என்று மறுநாளே சுற்றறிக்கை வந்தது. அவர் பாடுவதை நிறுத்தினார். களஞ்சியத்தில் அதன்பின் நண்பகலில் குன்றிலிருந்து கசியும் நீரின் ஓசை மட்டும் கேட்டது.

லொறிச் சாரதி திலக்ஷன் அடங்காதவன். லொறியின் அடியில் படுத்துப் பழுது பார்ப்பதுபோல் ஒரு சீனிப் பணிஸைத் தின்றுகொண்டிருந்தபோது மணி அடித்தது. நடத்தை மீளமைப்புக்கென்று அவனைக் குண்டசாலைக்கு அழைத்துப்போனார்கள். திரும்பி வந்தபோது அவன் தலை அழகாக வாரப்பட்டிருந்தது.

“என்னாடா, என்னா செஞ்சாங்க ஒன்ன?” என்று கேட்டான் கணேஸ்.

“நிறைவாக இருக்கிறேன்” என்றான் திலக்ஷன்.

“டேய், எங்கிட்டவா பேசுற?”

“நிறைவாக இருக்கிறேன்.”

அன்று முதல் அவன் வேறெதுவும் பேசவில்லை. ஊர்திகளின் முன்னால் குறுக்கிட்டவர்களிடமும் அதையே சொன்னான். நிறுவகம் அவனை வெற்றிக்கதை என்று அழைத்தது.

சுப்பம்மாவின் நிலை வேறு. களஞ்சியத்தைப் பெருக்கித் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் அந்த அம்மாள் அடுத்த ஆண்டு ஓய்வு பெற வேண்டியவர். சீனி வருத்தம் என்னும் நீரிழிவுக்கு மாத்திரை போடுபவர். சாப்பாட்டோடு போட வேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கி மயக்கம் வரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவர் நிறுவகத்திடம் விண்ணப்பித்தார். மாத்திரை விழுங்குவது அனுமதிக்கப்பட்ட நடத்தை என்றும், சோறு அவ்வாறன்று என்றும், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது என்றும் விடை வந்தது. சுப்பம்மா கித்துள் பனங்கட்டித் துண்டொன்றை நாவினடியில் ஒளித்துக் கரையவிட்டார். அடுத்த மாதம் மானியின் புதிய வடிவம் வந்தது. அது கரைவதையும் கேட்டது.

ஆவணியில் ஒரு நண்பகல், வெறுந்தட்டுப் படத்தின் எதிரே இருந்த சுப்பம்மா வியர்த்து நடுங்கி, அமர்ந்த நிலையிலேயே சாய்ந்தார். ராஜலிங்கம் ஓடிப்போய்த் தலையைத் தாங்கினார். தேநீர்ச் சீனியை அள்ளி அவர் வாயில் போட்டார். மணி விடாமல் அடித்தது. கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வார அறிக்கையில் அந்நிகழ்ச்சி ஆழ்நிலை ஓய்வு என்று குறிக்கப்பட்டது. களஞ்சியத்தின் ஓய்வுத்தரம் உயர்ந்தமைக்குப் பாராட்டும் வந்தது.

“தம்பி, இன்னொரு வாட்டி இப்பிடி வுழுந்தேன்னா எந்திரிக்க மாட்டேன்” என்றார் சுப்பம்மா, வீடு திரும்பும் வழியில். அவர் குரலில் முறைப்பாடு இல்லை. மழை வரும் என்பதுபோல் சொன்னார்.

புரட்டாசி முடிவில் பஹ்மி தாமாகவே ராஜலிங்கத்தைத் தேடி மஹய்யாவுக்கு வந்தார். தேநீர்க் கடையின் மூலையில் அமர்ந்து, கோப்பையைத் தொடாமல் பேசினார்.

“அண்ணன், நான் அப்பயே மெடத்துக்கிட்டச் சென்னேன். எங்கட நோம்பு மாதிரி இவங்களுக்கும் ஒண்டு ஈக்கு மெடம், இது நோம்பு மாசத்து ஆள்கள அளந்த மாதிரின்னு. கேக்கல்ல. விரதம் தனிப்பட்ட விசயம், தரவு பொது விசயமாம்.”

“இப்ப என்னாங்க செய்றது?”

“ஐப்பசில கடைசி அளவு எடுக்கப் போறாங்க. போன வருசம் மாதிரி ஆறு நாள், இந்த மொறையும் ஒங்கட நோம்புக் கிழமையிலதான் விழுது. ஒரே பருவமா ஈக்கணுமாம். ஆறாம் நாள் மாகாணத்துப் பெரியாக்கள் வாராங்க. அண்டைக்கும் நீங்க எல்லாரும் அதே மாதிரி சும்மா குந்தினீங்கன்னா, மறுநாள் மாகாணம் முழுக்க வரும். ஸ்கூல், ஆஸ்பத்திரி, தெல்தெனியப் பக்கத்துத் தோட்டம், எல்லாம். கொழுந்து எடுக்கிற பொம்பளயள்ட கழுத்துக்கும் பட்டி வரும்.” அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். “கட்டுறது நான்தான்.”

மறுநாள் ராஜலிங்கம் விடுப்பெடுத்துக் குண்டசாலைக்குப் பஸ் ஏறினார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். நிறுவகத்தின் கண்ணாடிக் கட்டடத்தில் ஒலியே இல்லை. நடைபாதையின் இருபுறமும் முதுகில்லாக் கதிரைகளில் மனிதர்கள் அமர்ந்து அவரைப் பார்த்து ஒரே அளவாகப் புன்னகைத்தார்கள். கலாநிதி சஞ்சீவனி எழுந்து வரவேற்றார். அவருடைய மேசைமேல் ஒரு கிண்ணத்தில் வறுத்த கஜு முந்திரிப்பருப்பு இருந்தது. பேசும்போது ஒவ்வொன்றாய் எடுத்து வாயிலிட்டுக்கொண்டார்.

“அது வெரதம்ங்க அம்மா” என்றார் ராஜலிங்கம். “கந்தசஷ்டி. அதான் நாங்க சாப்புடல.”

“ஓம், இருக்கலாம். ஆனா அண்டைக்குப் பசிக்கேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?”

“அப்புடித்தாங்க சொல்லணும். வெரதத்துல பசிக்குதுன்னு சொல்லக் கூடாதுங்க.”

“அப்ப எது உண்மை?”

“ரெண்டுந்தாங்க.”

“ஐயா, ஆய்விலை ரெண்டு உண்மைக்கு இடமில்லை.” அவர் கனிவோடு சிரித்தார். “சரி, விரதம் எண்டே வைப்பம். இன்னும் நல்லதெல்லோ? கடவுளுக்காக ஆறு நாள் இருக்கிற சனம், நாட்டுக்காக வருசம் முழுக்க இருக்கேலாதோ? இந்தக் கோணத்தை நான் யோசிக்கேல்லை. உங்களுக்கு நன்றி. முன்னுரையிலை சேர்க்கிறன்.”

“ஒரு அம்மா மயங்கி வுழுந்தாங்க. சீனி வருத்தம்.”

“ஓம், பாத்தனான். அருமையான ஓய்வு.”

அவர் ஒரு கஜுவை எடுத்து நீட்டினார். ராஜலிங்கம் வேண்டாமென்று கைகூப்பினார். பணிப்பாளர் அதைக் கண்டு மனம் நெகிழ்ந்து, பாருங்கள், இயல்பாகவே மறுக்கிறார், என்று அருகில் நின்ற உதவியாளரிடம் சொன்னார்.

சஷ்டி வந்தது. முதல் நாள் ராஜலிங்கம் வழக்கம்போல் நீராடிக் காப்புக் கட்டினார். கட்டியபின் மணிக்கட்டைப் பார்த்தார். ஒரு கயிறு இறைவனுக்கு. அதன் அருகிலேயே ஒரு பட்டை நிறுவகத்துக்கு. இரண்டும் அவரிடம் ஒன்றையே கேட்டன. இத்தனை ஆண்டுகளாய்த் தாம் அன்பினால் விட்ட சோற்றைக் காட்டியே இவர்கள் ஊராரின் சோற்றைப் பறித்துக்கொண்டார்கள். விட்டதும் பறித்ததும் கமராவின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஐந்து நாளும் அவர் பாலுக்குமேல் எதையும் தொடாமல் கண்மூடி இருந்தார். மானிகள் மௌனமாய் இருந்தன. பணிப்பாளர் மகிழ்ந்தார். ஐந்து நாளும் பிற்பகலில் மழை பெய்தது. களஞ்சியத்தின் பின்னே குன்றிலிருந்து வடிந்த நீர் செந்நிறமாயிற்று. உண்டால் மலை நடக்கும். உண்ணாவிட்டால் திட்டம் நிலைக்கும், சுப்பம்மா எழமாட்டார். ராஜலிங்கத்துக்கு இரண்டும் ஒரே அளவாய்த் தெரிந்தன.

“முகமே செத்துப் போச்சுங்க” என்றாள் ஞானேஸ்வரி. “வெரதத்துலயா, வேற எதுலயா?”

“ரெண்டும் ஒண்ணாயிருச்சு ஞானேசு. அதான் ஏலாம இருக்கு.”

ஆறாம் நாள் விடியலில் அவர் கோயிலில் நின்றார். வேலின் முன்னே நெடுநேரம் கைகூப்பினார். காலைப் பூசை முடிந்து, இறைவனுக்குப் படைத்த சோறும் பருப்பும் பெரிய பாத்திரத்தில் ஆறிக்கொண்டிருந்தன.

“சாமி, இத நான் எடுத்துட்டுப் போகலாமா?”

குருக்கள் நிமிர்ந்தார். “முழுசாவா? விரதக்காரர் ஒங்களுக்கு எதுக்கு இவ்வளவு?”

“எனக்கில்லீங்க. ஆராய்ச்சிக்கு.”

குருக்கள் மேலும் கேட்கவில்லை. பாத்திரத்தின்மேல் வாழையிலை மூடி, ஒரு கை செவ்வரளிப் பூவை வைத்துக் கொடுத்தார்.

களஞ்சிய வாசலில் காவலாளி பார்சல்களைப் பறித்துக்கொண்டிருந்தான். பௌத்தனாகிய அவனும் வணங்கும் கதிர்காமத்துத் தெய்வம் முருகன். பூவையும் இலையையும் கண்டதும் பறிக்க நீட்டிய கையைக் குவித்து, பாத்திரத்தை வணங்கி, “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொல்லி வழிவிட்டான். உணவு எதுவென்று சுற்றறிக்கையில் நெடிய விளக்கம் இருந்தது. தெய்வத்தின் பாத்திரம் அதில் இல்லை. ராஜலிங்கம் அதை நிறைவறையின் மூலையில் வைத்தார்.

நண்பகலுக்குச் சற்று முன்னர் மாகாணப் பெரியோர் நிறைவறையின் ஒருபுறம் வந்து அமர்ந்தனர். மறுபுறம் ஊழியர்கள், கழுத்தில் பட்டையோடு. வானம் வழக்கத்துக்கு முன்பே இருண்டுவிட்டது. விளக்குகள் போடப்பட்டன. கலாநிதி சஞ்சீவனி வெறுந்தட்டுப் படத்தின் கீழே நின்று பேசினார்.

“இவர்களைப் பாருங்கள். எவரும் இவர்களைத் தடுக்கவில்லை. கதவு பூட்டியிருப்பது காற்றுக்காக; கமரா இருப்பது அன்புக்காக. உண்ண வேண்டும் என்ற எண்ணமே இவர்களுக்கு எழவில்லை. நாளை முதல் இந்த அமைதியை ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒவ்வொரு நோயாளர் கட்டிலுக்கும் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் கொண்டு செல்வோம். அவர்கள் நன்றி சொல்வார்கள். சொல்லப் பழக்குவோம்.”

நண்பகற் சங்கு ஊதிற்று. சுப்பம்மாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாய் அரும்பியிருந்தது. அவர் விரல்கள் சேலைத் தலைப்பைப் பற்றுவதும் நழுவவிடுவதுமாய் இருந்தன. பார்வை எங்கோ போய்க்கொண்டிருந்தது. மாகாணப் பெரியோருள் ஒருவர், எவ்வளவு சாந்தமான முகம், என்றார்.

ராஜலிங்கம் எழுந்தார். மூலையிலிருந்த பாத்திரத்தை எடுத்துவந்து நடுவில் வைத்துப் பூக்களை விலக்கினார். இலையைத் திறந்ததும் சோற்றின் மணமும் பருப்பின் மணமும் எழுந்தன. ஒரு கவளம் பிசைந்து சுப்பம்மாவின் வாயருகே கொண்டுபோனார்.

“அக்கா, வாயத் தெறங்க.”

மணி அடித்தது. இன்னொரு கவளம், மறுபடி மணி.

“ராஜலிங்கம் ஐயா, என்ன செய்யிறீங்கள்?” பணிப்பாளரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. “அளவீடு நடக்குது.”

ராஜலிங்கம் அவரை நிமிர்ந்து பார்த்தார். காப்புக் கட்டிய கையில் சோறு ஒட்டியிருந்தது. அந்த ஆறு நாளில் ஒருபோதும் அவர் நாவில் ஏறாத சொல் மெல்ல ஏறி வந்தது.

“பசிக்குதுங்க அம்மா” என்றார். “போன வருசமும் பசிச்சிச்சி.”

பிறகு கணேஸ் எழுந்தான். “எனக்கும் பசிக்குதுங்க. போன வருசம் ஆறு நாளும் நான் அந்தக் கொழாய்க்குள்ள ரொட்டி தின்னேங்க. வேணும்னா என் பொஞ்சாதிகிட்டச் சொல்லிக்கோங்க.” அவன் சுவரோரம் போய்க் கமராவுக்கு நேரெதிரே நின்று ஒரு கவளத்தை வாயிலிட்டான். மணி அடிக்க அடிக்க மென்றான். ஒருவர் பின் ஒருவராய் எழுந்தார்கள். கழுத்துகள்தோறும் மணிகள் ஒலித்தன. ஆறுகாலப் பூசையும் ஒரே நேரத்தில் நடக்கும் கோயில்போல் ஆயிற்று அவ்வறை.

கடைசியாகத் திலக்ஷன் வந்து ராஜலிங்கத்தின் எதிரே நின்றான். வாரிய தலை, புன்னகை. கை மட்டும் தானாக நீண்டது.

“நிறைவாக…” என்று தொடங்கினான். நீண்ட கையில் ராஜலிங்கம் ஒரு கவளத்தை வைத்தார். “பசிக்குதுண்ணே.”

மாகாணப் பெரியோருள் சிலர் எச்சில் விழுங்கினர். அவர்கள் கழுத்தில் பட்டை இல்லாததால் அது ஒலிக்கவில்லை. தலைமை வகித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முடிவு உறுதிப்படாமையால் மாகாண விரிவாக்கத்தை ஒத்திவைப்பதாகவும், மற்றவற்றை விடுதியில், உணவின்போது பேசலாம் என்றும் சொல்லி எழுந்தார்.

கலாநிதி சஞ்சீவனி அசையவில்லை. அவர் முகத்தில் தோல்வி இல்லை. ஒரு புதிய வெளிச்சம் படர்ந்துகொண்டிருந்தது.

“ஒருவர் பசிக்குது எண்டு சொன்னார். உடன மற்றவைக்கும் பசிச்சிட்டுது” என்று தமக்குள் சொல்வதுபோல் சொன்னார். “வாய்ச்சொல்லாலை பரவுற நோய். பஹ்மி, குறிச்சுக்கொள்ளும். அடுத்த ஆய்வுக்கு இவையைத் தனித்தனியா வைக்க வேண்டி வரும்.”

“நீங்களே குறிச்சுக்கோங்க மெடம்” என்றார் பஹ்மி. அவர் கணேஸின் பின்னே போய் நின்று, விழுங்கல்மானியின் கொக்கியைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

வெள்ளை வான் போனது. சுவர்களில் கமராக்கள் சிவப்புக் கண்ணோடு விழித்திருந்தன. அவற்றைக் கழற்ற எவருக்கும் உத்தரவு இல்லை.

பாத்திரத்தின் அடியில் ஒரு பிடி சோறு எஞ்சியிருந்தது. ராஜலிங்கம் இன்னும் உண்ணவில்லை. அப்போது மழை இறங்கிற்று. தகரக் கூரை முழங்கியது. பின்னேயிருந்த குன்றிலிருந்து ஒரு கல் உருண்டு விழும் ஓசை கேட்டது. அனைவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவரும் செவி கொடுத்தார்.

அவர் தரையில் அமர்ந்து, அந்தப் பிடியைத் திரட்டி, வேலை நினைந்து நெற்றிக்கு உயர்த்தினார். இளமையில் விட்டதை இப்போது உமக்காகவே உண்கிறேன் என்பதுபோல் கண்ணை மூடினார். உண்டார். நன்றாக மென்று, அவசரமின்றி விழுங்கினார். அவர் தொண்டையிலிருந்த மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. மலை ஒன்றும் சொல்லவில்லை.

சுப்பம்மா சுவரில் சாய்ந்திருந்தார். முகத்தில் உயிர் திரும்பியிருந்தது. எச்சிற்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மறுகையை நீட்டி ராஜலிங்கத்தின் தலையைத் தொட்டார்.

“என் வயிறு குளுந்திருச்சு தம்பி. இதேபோல ஊரு வயிறெல்லாம் குளுரட்டும். நீ நல்லா இருக்கணும்.”